குத்தில் வென்றவர், கணக்கில் வீழ்ந்தவர்

குத்துச்சண்டையின் அதிக எடைப் பிரிவில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் உலக வாகையராக விளங்கிய ஒருவர், தமது 41-ஆம் வயதில் வரிக்கடனை அடைப்பதற்காக மல்யுத்த மேடை ஏறினார். அவர் பெயர் ஜோ லூயிஸ். கல்லூரியில் பொதுநிதியியல் கற்பித்த காலத்தில், வளர்விகித வருமான வரியை விளக்க ஆண்டுதோறும் நான் எடுத்துக்காட்டியது இவருடைய வாழ்வைத்தான்.

ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவர், அந்த மனிதர் உண்மையிலேயே அவ்வளவு சிறந்த வீரரா, மல்யுத்தத்திலும் வென்றாரா என்று கேட்டார். அவருடைய வரிக்கணக்கை மட்டுமே படித்திருந்த எனக்கு விடை தெரியவில்லை. அதன் பின்னர் அவருடைய போட்டிகளின் பழைய படப்பதிவுகளைத் தேடிப் பார்க்கலானேன். அவற்றைப் பார்த்த பிறகு, அதுவரை நான் நடத்திவந்த பாடத்தில் ஒரு பெரும் குறை இருப்பதை உணர்ந்தேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தில் 1914 மே 13 அன்று பிறந்தவர் லூயிஸ். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். மனநலம் குன்றிய தந்தை, இவர் குழந்தையாக இருந்தபோதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தாய் மறுமணம் செய்துகொண்ட பின், 1926-இல் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. வயலின் கற்றுக்கொள்ளத் தாய் கொடுத்த பணத்தைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குச் செலவிட்ட சிறுவன், ஃபோர்டு ஆலையிலும் உழைத்தான். பெருமந்தக் காலத்தில் அக்குடும்பம் அரசின் நிவாரண உதவியைப் பெற்று வாழ நேர்ந்தது. பின்னாளில் பொருள் சேர்ந்ததும் அந்தத் தொகையை லூயிஸ் அரசுக்குத் திருப்பிச் செலுத்தினார். அதை எவரும் அவரிடம் கேட்கவில்லை.

1934 ஜூலை 4 அன்று சிகாகோவில் தொழில்முறை வீரராகக் களமிறங்கினார். பயிற்றுநர் ஜாக் பிளாக்பர்ன் அவருக்குக் கற்பித்தது சிக்கனம் என்றே சொல்வேன். லூயிஸ் துள்ளி ஆடுவதில்லை. பாதங்களைத் தரையோடு நகர்த்தியபடி எதிராளியின் இடத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குவார். இடக்கை நேர்க்குத்தால் எதிராளியின் தலையை நிமிர்த்தி, வலக்கையை மிகக் குறுகிய தொலைவிலிருந்தே செலுத்துவார். கையைப் பின்னுக்கு இழுத்து ஓங்குவதில்லை; ஆகவே குத்து வருவதை எதிராளி முன்னறிய இயலாது. ஒன்று பட்டதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று தொடர்குத்துகள் வரும். அவர் தொழில்முறையில் வென்ற 66 போட்டிகளில் 52 நாக்-அவுட் முறையில் முடிந்தவை.

அவரிடம் குறையும் இருந்தது. இடக்கையால் குத்திய பின் அக்கையைத் தாழ்த்திவிடும் பழக்கத்தை ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் கண்டுகொண்டார். 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் அந்தத் திறப்பின் வழியே மீண்டும் மீண்டும் வலக்கையைச் செலுத்தி, 12-ஆவது சுற்றில் லூயிஸை வீழ்த்தினார். லூயிஸ் பிழையைத் திருத்திக்கொண்டார். 1937-இல் ஜேம்ஸ் பிராடக்கை வென்று உலகப் பட்டம் பெற்றார். 1938 ஜூன் 22 அன்று, நாஜி ஜெர்மனியின் பெருமைக்குச் சான்றாக முன்னிறுத்தப்பட்ட அதே ஷ்மெலிங்கை 2 நிமிடம் 4 விநாடிகளில் வீழ்த்தினார். எனினும் விரைந்து நகரும் எதிராளிகள் அவருக்கு எப்போதும் இடர் தந்தனர். 1941-இல் பில்லி கான் புள்ளிகளில் முந்தியிருந்த நிலையில், 13-ஆவது சுற்றில்தான் லூயிஸால் அவரை வீழ்த்த முடிந்தது.

பின்னர் போர் வந்தது. 1942 ஜனவரியில் பட்டி பேருடனும், மார்ச்சில் ஏப் சைமனுடனும் மோதிய லூயிஸ், தமக்குரிய பரிசுத்தொகையை முறையே கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கினார். கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் உணவுக்கூடப் பணியாளராக மட்டுமே சேர்த்துக்கொண்ட கடற்படை அது. தாமும் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, ஏறத்தாழ 100 காட்சிப் போட்டிகளில் இருபது இலட்சம் வீரர்களின் முன் சண்டையிட்டுக் காட்டினார்.

போர் முடிந்ததும் வரித்துறையின் கணக்கு வந்தது. நிவாரண நிதிக்குச் சென்ற பரிசுத்தொகையும் அவருடைய வருமானமாகவே கொள்ளப்பட்டது. 1949-இல் தோல்வியின்றிப் பட்டத்தைத் துறந்து ஓய்வுபெற்றவரை, 5 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வரி நிலுவை மீண்டும் களத்துக்கு இழுத்தது. 1950-இல் எஸார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ அவரை எட்டாவது சுற்றில் கயிறுகளுக்கு வெளியே வீழ்த்தினார். இடக்கை அப்போதும் ஓரளவு வேலை செய்தது. வலக்கை செல்ல வேண்டிய கணத்தில் செல்லவில்லை. கண் கண்டதைக் கை செய்யும் வேகம் போய்விட்டது. 1953-இல் அன்னை மறைந்தபோது அவர் மகனுக்கு விட்டுச்சென்ற சில நூறு டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது.

1956-இல் மல்யுத்தம். அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம், முடிவு முன்பே பேசிவைக்கப்படும் காட்சி. அங்கு அவர் பெற்ற வெற்றிகளைக் கொண்டு மல்யுத்தத் திறனை அளவிட இயலாது. பிடி, பூட்டு, எதிராளியின் எடையைத் தனக்குச் சாதகமாக்கும் நுட்பம் ஆகியவை இளமையிலிருந்தே பழக வேண்டியவை. கையுறைக்குள் வாழ்ந்த கைகள் அவற்றை அறியா. மக்கள் காண வந்ததும் அவருடைய பிடியை அன்று, பழைய முட்டியைத்தான். அந்த ஆண்டிலேயே 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு மல்லரின் எடை நெஞ்சில் அழுந்தியதில், அவருடைய விலா எலும்பு முறிந்தது. இதயத் தசையும் பாதிப்புற்றது. என் மாணவரின் வினாவுக்கு இன்று என் விடை இது: குத்துச்சண்டையில் அவர் தலைசிறந்தோருள் ஒருவர், மல்யுத்தத்தில் அவர் வீரரே அல்லர், கடனாளி.

என் பாடத்தின் குறை இங்கேதான் புலப்பட்டது. வருமானம் உயர உயர வரி விகிதமும் உயர வேண்டும் என்பதே என் கருத்து, அதில் மாற்றமில்லை. ஆனால், ஓர் ஆலை முதலாளி தம் இயந்திரத்தின் தேய்மானத்தை ஆண்டுதோறும் கணக்கில் கழித்துக்கொள்கிறார். குத்துச்சண்டை வீரரின் இயந்திரம் அவருடைய உடல். அது இயந்திரத்தைவிட விரைவாகத் தேய்கிறது. மாற்றுப் பாகமும் இல்லை. அந்தத் தேய்மானத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. நாற்பது ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டிய வருவாய் சில ஆண்டுகளில் குவியும்போது, ஒவ்வொரு குவியலும் உச்ச விகிதத்தில் வரிக்குள்ளாகிறது.

1950-களில் அமெரிக்காவின் உச்ச வரி விகிதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அந்த அடுக்கில் ஈட்டும் ஒவ்வொரு 100 டாலரிலும் எஞ்சுவது 10 டாலருக்கும் குறைவு. அந்த எச்சத்தைக் கொண்டு, வட்டியுடன் வளரும் பழைய நிலுவையை அடைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை. நிலுவை 10 இலட்சம் டாலரையும் கடந்தது. பல ஆண்டுகளின் வருமானத்தைச் சராசரியாக்கி வரி கணக்கிடும் பொது ஏற்பாட்டை அந்நாடு 1964-இல்தான் கொண்டுவந்தது. லூயிஸுக்கு அது பயன்படும் காலம் கடந்துவிட்டிருந்தது.

லூயிஸிடம் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். கோல்ஃப் பந்தயங்களிலும் தோற்றுப்போன தொழில்களிலும் பணம் கரைந்தது. மேலாளர்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டனர். ஆயினும், எவரும் கேட்காத நிவாரணத் தொகையைத் தேடிச்சென்று திருப்பிக் கொடுத்த ஒருவரை வரி ஏய்ப்பவராக எண்ண என் மனம் ஒப்பவில்லை.

1960-களின் தொடக்கத்தில் வரித்துறை பழைய நிலுவையை வற்புறுத்துவதைக் கைவிட்டது. இறுதி ஆண்டுகளில் லாஸ் வேகஸ் நகரின் ஒரு சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் பணியில் இருந்தார். 1981 ஏப்ரல் 12 அன்று காலமானார். இறுதிச்சடங்குச் செலவுக்கு உதவியவர்களுள் ஒருவர், முன்பு அவரை வீழ்த்தி, பின் அவரிடம் வீழ்ந்த ஷ்மெலிங். அதிபர் ரீகன் விதியைத் தளர்த்தியதால், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இறந்தபின் ஒருவருக்காக விதியைத் தளர்த்த முடிந்த அரசால், அவர் வாழ்ந்தபோது அதைச் செய்திருக்க முடியாதா? விளையாட்டு வீரர், நடனக் கலைஞர், சுரங்கத் தொழிலாளி என உடலை முதலாக வைத்துப் பிழைப்போர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். வரிச்சட்டம் எழுதுவோர் அவர்களுடைய வருமானத்தை மட்டுமல்லாமல், அது எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதையும் கேட்க வேண்டும். நான் பணியில் இருந்த கடைசிச் சில ஆண்டுகளில் அந்தப் பாடத்தை இந்தக் கேள்வியுடன்தான் முடித்தேன்.