விநோத மாளிகை கண்ட ஜார்ஜ் டில்யூ

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் திருவிழாக்களிலே ராட்டினம் சுழல்வதையும், உருவத்தை நெட்டையாகவும் குட்டையாகவும் காட்டும் கோணற் கண்ணாடிமுன் சிறுவர் நின்று நகைப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். இத்தகைய வேடிக்கைகளை ஒரு வேலிக்குள் தொகுத்து, காண வந்தோர் தாமே காட்சிப் பொருளாகும்படி செய்தவர் ஜார்ஜ் டில்யூ என்னும் அமெரிக்கர் ஆவர்.

இவர் 1862-ஆம் ஆண்டு நியூயார்க் நகரிலே பிறந்தார். இவர்தம் தந்தையார் அந்நகரை அடுத்த கோனித் தீவின் கடற்கரையில் விடுதி நடத்தி வந்தார். இளமையிலேயே டில்யூ, வெளியூரிலிருந்து வந்தோர்க்குக் கடல் மணலைப் பெட்டியிலும் கடல் நீரைப் புட்டியிலும் அடைத்து விற்றுப் பொருளீட்டினர்.

அந்நாளில் மக்கேன் என்னும் தலைவர் அத்தீவைத் தம் கைக்குள் அடக்கி, சூதுக்கும் தீயொழுக்கத்துக்கும் இடங்கொடுத்து வந்தார். அவருக்கு மாறாக 1887-இல் சட்டசபைக் குழுவின்முன் டில்யூ அஞ்சாது சாட்சி பகர்ந்தார். அதனால் அவர் குடும்பம் பெருந்துன்பம் உற்றது. 1894-இல் மக்கேன் சிறை புகுந்த பின்னரே அவர்க்கு நற்காலம் பிறந்தது.

1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் மாபெரும் ராட்டினத்தைக் கண்ட டில்யூ, அதனிற் சிறியதொன்றைச் செய்வித்துத் தீவில் நிறுவினார். 1897-இல் 'ஸ்டீப்பிள்சேஸ்' என்னும் பூங்காவைத் திறந்தார். அங்கே இரும்புப் பாதையில் ஓடும் பொய்க்குதிரைகளில் ஏறி வந்தோர், இறங்கியதும் ஒரு மேடையைக் கடந்தே வெளியேறவேண்டும். மேடையினின்று திடீரென எழும் காற்று தொப்பிகளைப் பறக்கச் செய்யும். எதிரே அமர்ந்தோர் கைகொட்டி நகைப்பர். நாணியவர் கீழிறங்கி, அவ்விருக்கைகளிலேயே அமர்ந்து, அடுத்து வருவாரைக் கண்டு நகைப்பர். பிறிதோரிடத்தில் உருளும் பீப்பாயினுள் நடப்போர் நிலைதடுமாறி ஒருவர்மேல் ஒருவர் வீழ்வர்.

1907-இல் பூங்கா தீக்கிரையாயிற்று. டில்யூ மனந்தளராது, எரிந்த இடத்தைக் காண்பதற்கே பத்துச் சென்ட் கட்டணம் வைத்தார்; பின்னர் எஃகாலும் கண்ணாடியாலும் பெரிய விநோத மாளிகை எழுப்பினார். 1914-இல் அவர் காலமானார். பூங்கா 1964-இல் மூடப்பட்டது. மாளிகை 1966-இல் இடிக்கப்பட்டது.

அம்மேடைக் காற்று மகளிர் ஆடையையும் அலைத்தது; அதனை நாம் போற்றோம். பிறர் நாணத்தில் விளையும் இன்பம் தூயதன்று. ஆயினும் பகைக்கும் தீக்கும் அஞ்சாத அவர் உள்ளுரம் போற்றத்தக்கது. செல்வரும் ஏழையரும் அம்மேடையில் ஒருங்கே தடுமாறினர் என்பதும் கருதற்குரியது. கோணற் கண்ணாடிமுன் நிற்கும்போது நாமும் முதற்கண் நம்மைக் கண்டே நகைக்கக் கற்போமாக.