அயனிகளை எண்ணிய ஞான் சந்திர கோஷ்



முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் மோல் கணக்கு என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கணக்குக்குள் புகுந்து, உலகமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கேள்வி கேட்டவர் வங்காளத்து விஞ்ஞானி ஞான் சந்திர கோஷ்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம்ம தாமிரபரணி கடலில் சேருகிற கரையோரத்தில் ஆறுமுகநேரி, தூத்துக்குடி என்று உப்பளங்கள் இருக்கின்றன அல்லவா? அந்த உப்பில் 117 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான சோடியம் குளோரைடு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மோலின் எடை 58.5 கிராம், ஆக, கையில் இருப்பது 2 மோல். தண்ணீரில் போட்டால் 2 மோல் சோடியம் அயனி, 2 மோல் குளோரைடு அயனி, மொத்தம் 4 மோல். சோடியம் சல்ஃபேட் என்றால் 142 கிராமுக்கே 3 மோல் அயனி. விடை எழுதினோம், மார்க் வாங்கினோம், முடிந்தது!

ஆனால் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி அளந்து பார்த்தால் அந்த 4 மோலும் முழுசாக வேலை செய்வதாகத் தெரியாது. மீதி எங்கே போச்சு? ஸ்வீடன் நாட்டு மேதை அர்ரீனியஸ், உப்பில் ஒரு பகுதிதான் அயனியாகப் பிரிகிறது என்றார். வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்துக்கு அது சரியாக வந்தது. சாதாரண உப்புக்கு வரவில்லை.

இங்கேதான் கோஷ் வருகிறார். 1894-ல் புருலியாவில் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பி.சி.ராயின் மாணவர். சத்யேந்திரநாத் போஸும் மேக்நாத் சாகாவும் அவருடைய கூட்டாளிகள். (அந்த இரண்டு பேரையும் நமக்குத் தெரியும். இவரை மட்டும் ஏனோ விட்டுவிட்டோம்!) 1918-ல், வெளிநாடு போய்ப் படிப்பதற்கு முன்பே, லண்டன் கெமிக்கல் சொசைட்டி பத்திரிகையில் தன் கொள்கையை வெளியிட்டார். உப்புக்கல்லுக்குள்ளேயே அயனிகள்தான் இருக்கின்றன. தண்ணீரில் உப்பு முழுவதுமே அயனிதான். ஆனால் எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், போதிய ஆற்றல் உள்ள அயனிகளே விடுபட்டு ஓடுகின்றன. இதுதான் அவர் சொன்னது. நாம் போட்ட 4 மோல் சரிதான், எல்லாம் சுதந்திரமாக இல்லை, அவ்வளவுதான்.

1921-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் ஆனார். இரண்டே வருஷத்தில், 1923-ல், டெபையும் ஹியூக்கலும் வேறு கொள்கை கொண்டுவந்தார்கள். கரைசலிலும் அயனிகள் கல்லில் இருப்பது போல வரிசையாக நிற்கின்றன என்று கோஷ் போட்ட அடிப்படை அதோடு விழுந்தது. ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் எதிர் மின்சுமை மேகம் போல மூடியிருக்கிறது என்பதே நிலைத்தது. கோஷ் செறிவின் கனமூலத்தைப் போட்டிருந்தார். சோதனைக்குப் பொருந்தியது வர்க்கமூலம். ஆனாலும் உப்பு முழுசாகப் பிரிகிறது என்ற அவர் கட்சி மட்டும் விழவே இல்லை.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இருபத்து நாலு வயசு வாக்கில் பேர் வாங்கித் தந்த கொள்கை முப்பது வயசுக்குள் கவிழ்ந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கென்றால் அரியர் வந்தாலே சோறு இறங்காது. அவரோ 1939 வரை டாக்காவில் பாடம் நடத்திக்கொண்டும் ஆராய்ச்சி செய்துகொண்டும் இருந்தார். அதன்பின் 1948 வரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். உலகப் போர் நடந்த அந்தக் காலத்தில்தான், 1942-ல், அங்கே விமானப் பொறியியல் துறை தொடங்கியது.

நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்களுக்கு முக்கியமான விஷயம் இனிதான். நாட்டின் முதல் ஐ.ஐ.டி.யான கரக்பூருக்கு முதல் இயக்குநர் இவரே. 1931-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு விடுதலை வீரர்கள் இறந்த ஹிஜ்லி சிறைமுகாம் கட்டிடத்தில்தான் அது ஆரம்பித்தது. 1951-ல் 224 மாணவர்களும் 42 ஆசிரியர்களும் இருந்தார்கள். கைதிகளை அடைத்த இடத்தில் டிராயிங் போர்டு!

பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே 1959 ஜனவரி 21-ல் காலமானார்.