பெட்ரோமாக்ஸ் முதல் அணுக் கடிகாரம் வரை!

சேலம், நாமக்கல் கிராமங்களில் மாரியம்மன் பண்டிகை என்றால், அந்தக் காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குதான். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், குட்டீஸ்! அதில் பளீரென வெளிச்சம் தந்த 'மேன்டில்' என்ற சின்ன வலைப்பையில், தோரியம் என்ற உலோகம் கலந்திருந்தது.

கன்னியாகுமரி பக்கம், மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் இருப்பதை, 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மேன்டில் செய்வதற்காக மணல் கப்பலேறி வெளிநாடு போனது. அதே 1909ல், அக்டோபர் 30ம் தேதி மும்பையில் பிறந்தார், ஹோமி ஜெஹாங்கிர் பாபா.

மகன் இன்ஜினியராகி ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் சேர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பாபாவுக்கோ இயற்பியலில்தான் மனசு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், அப்பாவுக்காக இன்ஜினியரிங்கை முதல் வகுப்பில் முடித்துவிட்டு, இயற்பியலுக்குத் தாவினார். ஓவியமும் அருமையாக வரைவார்.

1939ல் விடுமுறைக்கு ஊர் வந்தவர், உலகப் போர் மூண்டதால் இங்கேயே தங்கிவிட்டார். 1948ல் அணுசக்தி கமிஷனின் முதல் தலைவரானார்.

நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியமோ ஏராளம். அதை மணலோடு அனுப்பிவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? சுதந்திரத்தை ஒட்டி மணல் ஏற்றுமதி நின்றது. 1952ல் கேரளாவின் ஆலுவாயில், அந்த மணலைப் பிரிக்கும் ஆலை வந்தது.

ஆனால், தோரியம் விறகு மாதிரி உடனே பற்றிக்கொள்ளாது. அணு உலையில் நியூட்ரான் என்ற துகளை விழுங்கிய பிறகு, மெல்ல யுரேனியம் 233 ஆக மாறும். அதுதான் எரிபொருள். முதலில் யுரேனியம், அடுத்து புளூட்டோனியம், கடைசியில் தோரியம் என்று மூன்று கட்டத் திட்டத்தை 1954ல் பாபா முன்வைத்தார்.

அது நிறைவேறுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1966 ஜனவரி 24ல், ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதி இறந்தார். வயது 56தான். முப்பது ஆண்டு கழித்து, 1996ல் கல்பாக்கத்தில் 'காமினி' என்ற குட்டி உலை, யுரேனியம் 233ஐக் கொண்டு இயங்கத் துவங்கியது. மின்சாரம் தரும் பெரிய தோரியம் உலை நம் நாட்டில் இன்னும் வரவில்லை.

இதில் பாபாவே எதிர்பார்த்திராத ஒரு வேடிக்கை உண்டு. யுரேனியம் 233 தானாகச் சிதைந்து, தோரியம் 229 ஆகிறது. சிதையும் வேகத்தில் தெறித்து வரும் அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்களை, வெற்றிடத்தில் மின்புலத்தால் சிறைபிடிக்கிறார்கள் ஜெர்மனி விஞ்ஞானிகள். எதற்கு? கடிகாரம் செய்ய!

இப்போதுள்ள அணுக் கடிகாரங்கள் எலக்ட்ரானின் தாவலை வைத்து நேரம் காட்டுகின்றன. இது அணுவின் நடுவே உள்ள கருவையே தாவ வைக்கும். கரு மிகமிகச் சிறியது. வெளித்தொந்தரவு அதை எளிதில் அசைக்காது. லேசர் ஒளிக்குத் தாவுகிற கரு, இதுவரை தெரிந்தவற்றில் தோரியம் 229 மட்டும்தான். 2024ல் அமெரிக்காவில் அந்தத் தாவலை மிகத் துல்லியமாக அளந்துவிட்டார்கள்.

பாட்டி காலத்து மேன்டிலில் இருந்தது, தோரியம் 232. இரண்டும் அண்ணன், தம்பி மாதிரி. மூன்று நியூட்ரான்தான் வித்தியாசம்!