கருணைக் கானிங்

தோபி காட் அருகே எழுந்து நிற்கும் குன்றை நாம் ஃபோர்ட் கானிங் என்று அழைக்கிறோம். 1859ஆம் ஆண்டில் அங்குக் கோட்டை கட்டத் தொடங்கியபோது, சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டு வந்தது. அங்கே ஆட்சித் தலைவராக விளங்கிய சார்லஸ் கானிங் பிரபுவின் பெயரே கோட்டைக்குச் சூட்டப்பட்டது.

அன்னார் 1812 டிசம்பர் 14இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் கானிங், நாடக நடிகையின் மகன் என்று இகழப்பட்டும் தம் திறமையால் உயர்ந்து, 1827இல் பிரதமரானவர். நான்கு திங்களில் மறைந்தார். தமையன்மார் இருவரும் இளமையிலேயே இறந்தமையால், தாயாரின் பிரபுப் பட்டம் 1837இல் சார்லசுக்கு வந்தது.

1856இல் அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். மறு ஆண்டே பெரும் புரட்சி மூண்டது. பழிவாங்கத் துடித்த ஆங்கிலேயர் பலர், குற்றமற்றோரையும் தூக்கிலிட்டனர். குற்றவாளியையும் அல்லாதவரையும் பிரித்தறிந்தே தண்டிக்க வேண்டும் என்று கானிங் ஆணையிட்டார். ஆங்கிலேயர் அவரைக் கருணைக் கானிங் என்று எள்ளி நகையாடினர். பதவியிலிருந்து நீக்குமாறு அரசியாருக்கு விண்ணப்பமும் விடுத்தனர். அவர் அசையவில்லை. சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் தோன்றியதும் அதே 1857இல்தான்.

ஓவியத்தில் வல்ல துணைவியார் சார்லட், 1861 நவம்பரில் காய்ச்சலால் கல்கத்தாவில் காலமானார். தனியராய்த் தாயகம் திரும்பிய கானிங், 1862 ஜூன் 17இல் இயற்கை எய்தினார். மக்கட்பேறு இல்லாமையால் பட்டமும் அவரோடு முடிந்தது.

மாணவச் செல்வங்களே! அன்று இகழ்ச்சியாக இட்ட பெயரே இன்று அவருக்குப் புகழாக நிற்கிறது. ஊரே சினந்து எழும் வேளையிலும் நடுநிலை தவறாமையே ஆள்வோர்க்கு அழகென்பதை நாம் உணர்வோமாக.