இருமுறை நழுவவிட்டும் தளராத ஐரீன் கியூரி அம்மையார்

சென்ற ஆண்டு என் பெரியம்மாவுக்குப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஓர் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் படுக்க வைத்து, பிறகு படம் எடுத்தனர். சில மணி நேரத்துக்குக் கைக்குழந்தைகளை அருகில் விடவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினர். அந்த ஊசியில் அப்படி என்னடா இருக்கிறது என்று அம்மா என்னைக் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அதுவும் இயற்பியல் மாணவன். எனக்கு விடை தெரியவில்லை. வெட்கத்தோடு நூலகத்தில் தேடியபோது கிடைத்ததுதான் ஐரீன் கியூரி அம்மையாரின் வரலாறு.

ரேடியம் கண்ட மேரி கியூரி, பியர் கியூரி தம்பதியரின் மூத்த மகளாக ஐரீன் 12-9-1897 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். 1906-இல் குதிரை வண்டி மோதித் தந்தை இறந்தபோது அவருக்கு வயது எட்டு. முதல் உலகப் போரில் அன்னையுடன் எக்ஸ்ரே கருவிகளைப் போர்முனை மருத்துவமனைகளுக்குக் கொண்டு சென்று, வீரர்களின் உடலில் குண்டு தைத்த இடத்தைக் காட்டினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. என் வயதை எண்ணி நான் நாணினேன்.

போருக்குப் பின் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் ஆராய்ச்சி செய்து 1925-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு உடன் பணியாற்றிய பிரெடெரிக் ஜோலியோவை மணந்தார். இருவரும் இணைந்தே ஆராய்ந்தனர்.

1932-இல் பெரிலியத்திலிருந்து வரும் புதிரான கதிர், மெழுகிலிருந்து புரோட்டான்களை வெளித்தள்ளுவதைக் கண்டனர். அதைக் காமாக் கதிர் என்று எண்ணிவிட்டனர். அது நியூட்ரான் என்று இங்கிலாந்தில் சாட்விக் நிறுவினார். அதே காலத்தில் பாசிட்ரானின் தடத்தையும் இவர்கள் பார்த்தனர். ஆனால் எதிர்த்திசையில் வரும் எலக்ட்ரான் என்று கருதிவிட்டனர். அந்தப் புகழ் அமெரிக்காவின் ஆண்டர்சனுக்குச் சென்றது. 1933-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் அவர்கள் சொன்ன முடிவுகளையும் பிற அறிஞர்கள் ஐயுற்றனர். வேறொருவராயின் சோர்ந்திருப்பார். இவர்களோ ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினர்.

1934 ஜனவரியில் அந்த அதிசயம் நிகழ்ந்தது. பொலோனியத்தின் ஆல்ஃபா கதிர்களை அலுமினியத் தகட்டின்மேல் செலுத்திவிட்டுப் பொலோனியத்தை அகற்றினர். தகடு ஓயவில்லை! தொடர்ந்து பாசிட்ரான்களை வீசியது. ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. அலுமினியத்தின் அணுக்களில் சில கதிரியக்கப் பாஸ்பரஸ் ஆகிவிட்டிருந்தன. அவ்வாறே போரானிலிருந்து கதிரியக்க நைட்ரஜன் கிடைத்தது. அது மறைவதற்குள், சில நிமிடங்களிலேயே, வேதியியல் முறையில் பிரித்தும் காட்டினர். மனிதன் செயற்கையாகக் கதிரியக்கத்தை உண்டாக்கிவிட்டான்! அதைக் கண்ணாரக் கண்ட மேரி அம்மையார் அவ்வாண்டு ஜூலையில் மறைந்தார். 1935-இல் மகளும் மருமகனும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

பெரியம்மாவின் ஊசிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அதில் இருப்பது சர்க்கரை போன்ற ஒரு பொருள். அதனோடு செயற்கைக் கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18 இணைக்கப்பட்டிருக்கிறது. புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை மிகுதியாக இழுத்துக்கொள்ளும். அங்கே வெளிப்படும் பாசிட்ரான், எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் பாயும். சுற்றியுள்ள வளையம் போன்ற கருவி அவற்றைப் பிடித்து இடத்தைக் கணிக்கிறது. ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். சில மணி நேர எச்சரிக்கை அதற்காகவே. அன்று போரானில் பிறந்த நைட்ரஜன்-13 இன்று இதயத்தின் இரத்த ஓட்டத்தைக் காட்டப் பயன்படுகிறது.

1936-இல் அம்மையார் பிரெஞ்சு அரசில் அறிவியல் ஆராய்ச்சிக்குத் துணைச் செயலாளராகச் சில மாதம் பணியாற்றினார். நோபல் பரிசு பெற்றும் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. பெண் என்பதே தடை. 17-3-1956 அன்று இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். வாழ்நாளெல்லாம் கதிர்வீச்சோடு உழைத்ததே காரணம் என்பர். தம் உயிரை அரித்த கதிரால் பிறர் நோயைக் காண வழி செய்தவர் அவர்.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமலிருந்து, அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு மகளும் ஒரு மகனும். இருவரும் விஞ்ஞானிகள் ஆனார்கள் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பெரியம்மா இப்போது சிகிச்சை பெற்று வருகிறாள்.

மாணவத் தோழர்களே! ஒரு தேர்வில் தவறினால் உலகமே முடிந்ததென்று எண்ணுகிறோம். இருமுறை கைநழுவவிட்டு மூன்றாம் முறை வென்ற அம்மையாரை நினைப்போம். மீண்டும் ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறப்போம்.