பினாங்குத் தீவில் துரைச்சாமி: நாடுகடத்தப்பட்ட வாழ்வும் சான்றுகளின் எல்லையும்

முன்னுரை

1801-ஆம் ஆண்டுத் தென்னகக் கிளர்ச்சியில் தூக்கிலேற்றப்பட்ட தலைவர்களின் வரலாறு பலராலும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. கடல் கடந்து அனுப்பப்பட்டோரின் வாழ்வு அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. அவர்களுள் ஒருவரான சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியின் வாழ்வையும், அதனை நமக்குத் தரும் சான்றின் தன்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்டுக்கல் சமவெளியும் மருது குடியும்

துரைச்சாமியின் ஊழ் அவர் பிறக்கும் முன்பே திண்டுக்கல்லோடு பிணைந்தது. 1772-இல் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், வேலு நாச்சியாரும் மருது சகோதரரும் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தனர். ஐதர் அலியின் துணையுடன் 1780-இல் சிவகங்கையை மீட்டனர். சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட இந்நிலம் 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. பின்னர் விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் பாளையக்காரர் இங்கு அணிதிரண்டபோது, சிவகங்கையின் பிரதானியாக விளங்கிய சின்ன மருது அவர்களுடன் இணைந்து நின்றார்.

வீழ்ச்சியும் நாடுகடத்தலும்

1801 சூன் 16-இல் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை கிளர்ச்சியின் நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்தது. அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அம்மாதம் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்தம் மைந்தரும் உறவினரும் பலர் கொல்லப்பட்டனர். அப்போது ஏறத்தாழப் பதினைந்து வயதினரான துரைச்சாமிக்கு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட அட்மிரல் நெல்சன் என்னும் கப்பல், சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையாத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. அவர்கள் சென்றடைந்த பினாங்கு, 1786-இல் கம்பெனி கைக்கொண்டு வேல்சு இளவரசர் தீவு எனப் பெயரிட்ட இடமாகும். வேங்கன் பெரிய உடையாத் தேவர் சுமத்திராவின் பென்கூலனுக்கு மாற்றப்பட்டு, அவ்வாண்டிலேயே உயிர்நீத்தார்.

வெல்ஷ் என்னும் சான்றாளர்

துரைச்சாமியைப் பற்றிய தெளிவான சித்திரம் கம்பெனிப் படை அதிகாரி சேம்சு வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் கிடைக்கிறது. இளமையில் மதுரையில் பணியாற்றிய அவருக்கு ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் சின்ன மருதுவே. அதே வெல்ஷ் பின்னர் மருதுவின் மகனுக்குத் தூத்துக்குடியில் காவலராக அமைந்தார். சிறையின் கடுமையைத் தம்மால் இயன்றவரை தணித்ததாக அவர் எழுதுகிறார்.

பதினாறு ஆண்டுகளுக்குப்பின், 1818-இல், வெல்ஷ் பினாங்கு சென்றபோது உடல் தளர்ந்த முதியவராகத் தோன்றிய ஒருவர் அவரைக் காண வந்தார். அடையாளம் தெரியாத வெல்ஷ் பெயரைக் கேட்டறிந்தபோது நெஞ்சில் குத்துண்டவர்போலானார். வந்தவர் துரைச்சாமி. ஆண்டுக்கணக்கின்படி அவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயதே. ஊரில் எஞ்சியிருந்த உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டு சேர்க்குமாறு அவர் வேண்டினார். அரசாணைக்கு மாறானது எனக் கூறி வெல்ஷ் மறுத்தார்.

ஒப்பீடு

1798-ஆம் ஆண்டு அயர்லாந்துக் கிளர்ச்சியில் சரணடைந்து நியூ சவுத் வேல்சுக்கு அனுப்பப்பட்ட சோசப் ஓல்ட் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பினார். அவர் தம் வாழ்வைத் தாமே எழுதினார். அந்நூல் 1838-இல் அச்சேறியது. ஒரே காலத்தில், ஒரே பேரரசின் தண்டனைக்குள்ளான இருவருள் ஒருவர் தம் சொல்லால் அறியப்படுகிறார். மற்றவர் பெரிதும் தம் காவலரின் சொல்லால் அறியப்படுகிறார்.

முடிவுரை

வெல்ஷின் பதிவில் இரக்கம் உண்மையானது; கீழ்ப்படிதலும் உண்மையானது. துரைச்சாமியின் துயரை நமக்கு உணர்த்திய கையே அவருடைய கடிதத்தை வாங்க மறுத்தது. எனவே அப்பதிவை மனிதநேயச் சான்றாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. உயிரைப் பறிக்காத நாடுகடத்தல், பேசும் வாய்ப்பைப் பறித்தது என்பதற்கும் அதுவே சான்றாகும். தந்தையின் அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மகன் அனுப்ப விரும்பிய கடிதத்தைப் பொறுத்தவரை, அதற்குக் கிடைத்த மறுப்பு மட்டுமே வரலாற்றில் பதிவாகியுள்ளது.