லயனல் வென்ட் தேர்ந்த கமரா

கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் படைத்தவற்றைக் கூறுவர். அவர் பெற்ற புகழையும் கூறுவர். அவர் எந்தக் கருவியைக் கையில் எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கூறுவோர் சிலரே. புலவனுக்கு எழுத்தாணி எப்படியோ, குயவனுக்குத் திகிரி எப்படியோ, அப்படியே புகைப்படக் கலைஞனுக்குக் கமரா. அதனைத் தேரும்போதே அவனுடைய நோக்கு இன்னதென்பது வெளிப்பட்டுவிடுகின்றது. ஈழத்துப் புகைப்படக் கலையின் தலைமகன் எனத்தக்க லயனல் வென்ட் அவர்களின் வாழ்வை இவ்வழி நின்று நோக்குதல் பயன் தரும் என்பது என் துணிபு.

கதிரவெளியில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. கரைவலை இழுப்போர் வீட்டுப் பிள்ளைகளும் சேனைப் பயிர் செய்வோர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று புகைப்படக் கலையில் நாட்டங் கொண்டுள்ளனர். முதன்முதலாக எந்தக் கமராவை வாங்குவது என்பதே அவர்களுடைய கேள்வி. அஃது ஒரு குடும்பம் பல மாதம் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்வியாதலால் எளிதில் விடையிறுத்தல் தகாது. விலைப்பட்டியலைக் காட்டிலும் ஒரு வாழ்க்கை வரலாறு இதற்கு நல்ல விடை தருமென நம்புகின்றேன்.

வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். உயர்நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். மைந்தரும் சட்டம் பயில இலண்டனுக்குச் சென்றார். சட்டத்தோடு இசையும் அவரை ஈர்த்தது. அங்குள்ள அரச இசைக் கழகத்தில் பியானோ பயின்று தேர்ந்தார். 1924இல் தாயகம் திரும்பிச் சிறிது காலம் வழக்கறிஞராக இருந்தார். பின்னர் அத்தொழிலைத் துறந்து இசைக்கும் கலைக்குமே தம்மை ஒப்படைத்தார். புதுமை இலக்கியத்திலும் ஓவியத்திலும் ஆழ்ந்த பயிற்சி பெற்றிருந்தார். 1929இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்த கவிஞர் பாப்லோ நெரூடாவுக்கு நண்பராகி, தம் நூல்களைப் படிக்கத் தந்துதவியவரும் இவரே.

இசையிலும் நூலிலும் ஊறிய இவர் 1930களின் தொடக்கத்திலே புகைப்படக் கலையில் முழுமனத்தோடு இறங்கினார். அதுவரை ஈழத்தில் அக்கலை எந்நிலையில் இருந்தது? 1875இல் இங்கு வந்து குடியேறி 1879இல் இம்மண்ணிலேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரை முதலில் நினைத்தல் வேண்டும். நாற்பத்தெட்டாம் வயதில் மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கமராவே அவரைக் கலைஞராக்கிற்று. ஆயினும் அது பாரமான மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டிலே படம் பிடிப்பது. எதிரே அமர்பவர் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். பின்னர் வந்த வணிகப் படநிலையங்களும் முக்காலியில் ஏற்றிய பெருங் கமராக்களையே நம்பின. தேயிலைத் தோட்டமும் தென்னஞ்சோலையும் பயணிகள் வாங்கும் படங்களாயின. மக்கள் அவற்றிலே காட்சிப் பொருள்களாக நிறுத்தப்பட்டனர்.

இந்நிலையை மாற்றக்கூடிய இரு கருவிகள் ஜெர்மனியிலே தோன்றின. ஒன்று, 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா. ஒஸ்கார் பார்னாக் என்பவர் அமைத்த அக்கமரா திரைப்படச் சுருளையே பயன்படுத்தியது. படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீற்றர். ஒரு சுருளில் 36 படங்கள். சட்டைப்பையில் அடங்கும், கண்ணிமைக்கும் பொழுதில் இயங்கும். மற்றையது, 1929இல் வெளிவந்த ரோலிபிளெக்ஸ். மேலும் கீழுமாக இரண்டு வில்லைகள் உடையது. மேலது காட்சியைக் காட்டும், கீழது படத்தைப் பதிக்கும். படம் 6 சென்ரிமீற்றர் சதுரம். வென்ட் கையாண்டவை இவ்விரண்டுமே.

இவற்றின் பண்பைச் சற்று ஆராய்தல் நன்று. ரோலிபிளெக்ஸைக் கண்ணுக்கு நேரே உயர்த்த வேண்டுவதில்லை. இடுப்பளவில் தாங்கித் தலைகுனிந்து, மேலேயுள்ள கண்ணாடியில் காட்சியைக் காண்பதே அதன் முறை. அக்காட்சி இடம்வலம் மாறித் தோன்றுமாதலால், அசையும் பொருளைத் தொடர்தல் கடினம். நின்று நிதானித்து அமைப்பதே எளிது. விரைந்தோடும் கணத்தைப் பற்ற லைக்காவே தக்கது. மீனவர், உழைப்பாளர், நடனக்காரர், கோயில், கடல் என அவர் பிடித்த படங்களைக் காணும்போது, எதிரே இருப்பவரை அச்சுறுத்தாது நெருங்கிய ஒருவரின் பார்வையை உணர்கின்றோம். அந்நெருக்கத்திற்குக் கருவி இடங்கொடுத்தது. நெருங்கும் உள்ளம் அவருடையது.

கமராவோடு அவர் பணி முடியவில்லை. பியானோவிலே விரல்களை நாள்தோறும் பழக்கியவர் இருட்டறையிலும் அவ்வாறே பழகினார். தம் படங்களைத் தாமே அச்சிட்டார். படம் துலங்கும் வேளையில் சிறிது ஒளியைப் புகுத்தி நிழலும் வெளிச்சமும் தலைமாறச் செய்யும் முறையையும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படங்களை இணைக்கும் முறையையும் கையாண்டார். ஐரோப்பியக் கலைஞர்கள் அப்போது முயன்றுகொண்டிருந்தவற்றைக் கொழும்பில் இருந்தபடியே செய்தார். 1938இல் லைக்காவை ஆக்கிய லெயிற்ஸ் நிறுவனத்தின் அழைப்பில் இலண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடைபெற்றது.

நம் பகுதியோடு அவரைத் தொடுக்கும் இழை ஒன்றும் உண்டு. 1934இல் பசில் ரைட் என்பவர் இலங்கையைப் பற்றி எடுத்த சோங் ஒஃப் சிலோன் என்னும் புகழ்பெற்ற விவரணப் படத்திற்கு வென்ட் துணைபுரிந்ததோடு குரலும் கொடுத்தார். அவர் வாசித்தது 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூற்பகுதி. அந்த நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட இடம் கொட்டியாரக் குடாவன்றோ! வெருகலாற்றைக் கடந்து வடக்கே சென்றால் எட்டிவிடும் அக்கரையிலே தொடங்கிய கதையைத்தான் உலகம் வென்ட்டின் குரலிலே கேட்டது.

1943 ஓகஸ்ட் மாதத்தில் அவருடைய கொழும்பு இல்லத்திலே '43 குழு' என்னும் ஓவியர் அமைப்பு உருவாயிற்று. ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல முதலியோரை ஒன்றுசேர்த்த அக்குழு ஈழத்து ஓவியத்தின் போக்கையே மாற்றியது. அடுத்த ஆண்டு, 1944 டிசம்பர் 19ஆம் நாள், மாரடைப்பினால் வென்ட் காலமானார். வயது நாற்பத்து நான்கு. அவ்வில்லம் இருந்த இடத்தில் 1953இல் அவர் பெயரால் அரங்கு எழுந்தது.

அவர் மறைவுக்குப் பின் நேர்ந்த ஒன்றை மாணவர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் காண்பவை அவர் தம் கையால் அச்சிட்ட பிரதிகளும், 1950இல் இலண்டனில் வெளியான நூலும் போன்றவையே. தாளில் அச்சிட்டது பிழைத்தது, மற்றையது போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல்கோளில் நம் கரையோர வீடுகள் பல தம் மூத்தோரின் படங்களை இழந்தன. பின்னர் போரினால் இடம்பெயர்ந்தோர் எஞ்சியவற்றையும் விட்டுச் சென்றனர். உறவினர் வீட்டிலே மற்றொரு பிரதி இருந்தவர்க்கு மட்டுமே முகங்கள் மீண்டன. இழப்பு என்பது நமக்கு ஏட்டுச் செய்தி அன்று.

வென்ட் செல்வர், பொருள் தேட வேண்டிய நிலையில் இருந்தவரல்லர். அதனை மறைத்து அவரை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுதல் நேர்மையாகாது. அவர் வாங்கிய விலையில் அவர்கள் வாங்க இயலாது. ஆனால் அவர் தேர்ந்த முறையிலே தேரலாம். எதனை, எவரை, எவ்வளவு அண்மையிலிருந்து காண விரும்புகின்றோம் என்பதை முதலில் துணிதல் வேண்டும். வெருகல் திருவிழாக் கூட்டத்தில் நுழைய விரும்புவோனுக்குச் சிறிய கமரா வேண்டும். தொலைவிலுள்ள நீர்ப்பறவையை நாடுவோனுக்கு நீண்ட வில்லை வேண்டும். கையில் ஏற்கெனவே உள்ள கைப்பேசியில் ஓராண்டு பழகி, எவ்விடத்தில் அது போதவில்லை என்று அறிந்தபின் வாங்குவோன் ஏமாறான். பழைய கமராவாயினும் குறையில்லை. வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைப் படங்களை அச்சிடுவதற்கென ஒதுக்குதல் வேண்டும். ஒவ்வொரு பிரதியின் பின்புறத்திலும் படத்தில் உள்ளவரின் பெயரும் நாளும் எழுதுதல் வேண்டும். வலை இழுக்கும் தந்தையின் படம் ஒன்று, பெயரோடும் நாளோடும், இரண்டு வீடுகளிலே இருக்குமாயின், அதைப் பிடித்த கமரா எதுவாயினும் அது நல்ல கமராவே.